எழுதும் முன் விற்றுப் பாருங்கள்

புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டதும் பலரும் முதலில் செய்வது, கடைகளுக்கான ஒரு பில்லிங் சாப்ட்வேர். அது விற்காவிட்டால், வேறொரு ஐடியாவைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் 6 மாதம் உட்கார்ந்து எழுதத் தொடங்கி விடுகிறார்கள். இந்த இரண்டாவது 6 மாதம்தான் ஆபத்தானது. முதல் முறை கையிருப்பு கரையும். இரண்டாம் முறை வீட்டு நகை அடகுக்குப் போகும்.

பாதையை மாற்றுவதில் தவறே இல்லை. இன்றைய ஸோஹோ, 1996ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, தொலைத்தொடர்புக் கருவிகள் தயாரிக்கும் கம்பெனிகளுக்கு நெட்வொர்க் சாப்ட்வேர் விற்றது. 2001 வீழ்ச்சியில் அந்த வாடிக்கையாளர்கள் குறையவே, வேறு வகை சாப்ட்வேர்களுக்கு மாறியது. ஆனால், எந்தப் பக்கம் மாறுவது?

ரெட்பஸ் கதை இதற்கு வழி காட்டுகிறது. 2005 தீபாவளிக்கு பெங்களூரில் பஸ் டிக்கெட் கிடைக்காமல் தவித்த பணீந்திர சாமா, நண்பர்களுடன் சேர்ந்து பஸ் கம்பெனிகளுக்காக ஒரு சாப்ட்வேர் எழுதினார். பஸ் உரிமையாளர்கள் அதை ஏற்கவில்லை. அவர்களுக்குக் காலி சீட் நிரம்பினால் போதும். எனவே நண்பர்கள் இன்டர்நெட்டில் டிக்கெட் விற்பதற்கு மாறினர். 2006ல் ரெட்பஸ் பிறந்தது. 2013ல் இபிபோ குழுமம் அதை வாங்கியது. உரிமையாளர்களிடம் முதலிலேயே பேசியிருந்தால், அந்த முதல் சாப்ட்வேரை எழுதும் வேலையே மிஞ்சியிருக்கும்.

ராஜபாளையம் பக்கத்து ஆலங்குளத்தில் நீங்கள் இருப்பதாக வைத்துக் கொள்வோம். பில்லிங் சாப்ட்வேரை விட்டுவிட்டு, சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகளுக்குக் கணக்கு சாப்ட்வேர் எழுத நினைக்கிறீர்கள். "இப்படி ஒன்று செய்தால் வாங்குவீர்களா?" என்று கேட்காதீர்கள். முகதாட்சண்யத்துக்காக எல்லோரும் "செய்யுங்க தம்பி, நல்லாயிருக்கும்" என்பார்கள். அதை ஆர்டர் என்று நம்பி விடாதீர்கள். "போன வாரம் கூலிக் கணக்கை எப்படிப் பார்த்தீர்கள்? எங்கே இடித்தது? அதனால் எவ்வளவு நஷ்டம்?" என்று கேளுங்கள். 10 பேரிடம் கேட்டால் போதும், நிலவரம் புரிந்து விடும்.

அடுத்து, ஒரே ஒரு தறிக்காரரின் கணக்கை 2 வாரம் நீங்களே எக்ஸெல்லில் போட்டு, பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள். அதற்கு ஒரு சிறு தொகையும் கேளுங்கள். பணம் தந்து, மூன்றாவது வாரமும் அவரே கூப்பிட்டால் ஐடியாவுக்கு உயிர் இருக்கிறது. சும்மா கொடுத்தும் அந்தத் தாளைப் புரட்டாவிட்டால், விட்டு விடுங்கள்.

"இப்போது ஏஐ உதவியோடு ஒரே வாரத்தில் எழுதி விடலாமே, எதற்கு இந்த அலைச்சல்?" என்று சிலர் கேட்கலாம். எழுதும் நேரம் குறைந்தது உண்மைதான். ஆனால் பழைய கணக்கை ஏற்றுவது, சொல்லிக் கொடுப்பது, தப்பு வந்தால் ஓடிப்போய்ச் சரிசெய்வது எதுவும் குறையவில்லை. யாருக்கும் வேண்டாத சாப்ட்வேரை வேகமாக எழுதி என்ன லாபம்?

வரைபடமும் கையுமாக இல்லாமல், முதலில் வாடிக்கையாளரின் கணக்கு நோட்டைப் பாருங்கள். அட்வான்ஸ் வந்த பிறகு கீபோர்டைத் தொடுங்கள்.