பழைய விமானத்தை எடை போட்டு விற்பதா?

வீட்டில் பயன்படாத பித்தளை அண்டாவை விற்கிறோம். அப்பா ஓட்டிய சைக்கிளை விற்கிறோம். அதுபோலப் பழைய விமானத்தையும் ஒருநாள் விற்கத்தான் வேண்டியிருக்கும். விற்பது குற்றமல்ல. எதை விற்கிறோம் என்று தெரியாமல் விற்பதுதான் குற்றம்.

சமீபத்தில் கர்நாடகத்திலுள்ள ஒரு விமானப் பயிற்சிக் கழகத்துக்குச் செய்தி சேகரிக்கச் சென்றிருந்தேன். கழகத்தின் பெயர் இங்கே வேண்டாம். வாசல் பலகையில் உபயோகமற்ற பொருள்களின் ஏல அறிவிப்பு ஒட்டியிருந்தது. உடைந்த நாற்காலி, பழைய பாட்டரி, இரும்புக் கட்டில் என்று நீண்ட பட்டியலின் கடைசி வரியில் 'பழைய விமானம் – 1' என்றிருந்தது.

அந்த விமானத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். கொட்டகைக்குள் அழைத்துச் சென்றவர் ஆம்பூர்க்காரர். அங்கே மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற பின்னும் தினமும் வந்து போகிறவர். உள்ளே இரண்டு பேர் அமரும் ஒரு புஷ்பக் விமானம் நின்றிருந்தது. மேலே தூசி இல்லை. டயர்களில் காற்று இருந்தது. இறக்கைத் துணியை விரலால் தட்டினால் மேளத்தோல் போல 'டங்' என்றது.

"ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிட்டு ஈரத்தை உறிஞ்சுற பிளக் போட்டிருக்கேன் தம்பி. உள்ளே இருக்கிற மருந்து நீலமா இருந்தா எஞ்சினுக்குக் கவலை இல்லே. ரோஸா மாறிச்சுன்னா ஈரம் ஏறுதுன்னு அர்த்தம். உடனே மாத்திடுவேன்" என்றார் பெரியவர்.

"விமானத்தின் குறிப்புப் புத்தகங்கள் எங்கே?" என்று கேட்டேன். "ஆபீஸ் பீரோவிலே இருக்கு. அதை ஏலத்திலே சேர்க்கலே. பழைய பேப்பர்தானேங்கறாங்க" என்றார்.

அந்தப் பதில் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இக்கட்டுரைக்கு அதுவே காரணம்.

புஷ்பக் ஏதோ வெளிநாட்டிலிருந்து வந்திறங்கிய சாமான் அல்ல. நம் பெங்களூரில் பிறந்தது. 1940-ல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில், டாக்டர் வி.எம். காட்கே தலைமையில் உருவான எச்.டி.-2 பயிற்சி விமானம் 1951 ஆகஸ்டில் முதன்முதலாகப் பறந்தது. அதையடுத்து, பயிற்சிக் கழகங்களுக்கென்றே அமெரிக்க ஏரோங்கா விமானத்தை ஒட்டிச் செய்யப்பட்டதுதான் புஷ்பக். 1958 செப்டம்பர் 28 அன்று அது முதலில் பறந்தது. 90 குதிரைசக்தி எஞ்சின், எஃகுக் குழாய்ச் சட்டம், துணி போர்த்திய இறக்கை. சுமார் 150 விமானங்கள் செய்யப்பட்டு நாடெங்கும் உள்ள கழகங்களுக்குச் சென்றன. பின்னாளில் பெரிய விமானங்களை ஓட்டிய எத்தனையோ பேர் முதலில் கைபழகியது இதில்தான்.

அந்தத் தொழிற்சாலையில் உழைத்தவர்களில் நம்மவர்கள் ஏராளம். அல்சூரிலும் விமானபுரத்திலும் விசாரித்தால், "எங்க தாத்தா எச்.ஏ.எல்.-லே ஃபிட்டர்" என்று சொல்லாத தெரு இருக்காது. அந்தக் காலத்தில் அதே தொழிற்சாலை ரயில் பெட்டிகளும் செய்தது. எனவே ரயில்வேக்காரனாகிய எனக்கும் இதில் கொஞ்சம் உறவு உண்டு.

இப்போது கணக்குக்கு வருவோம். புஷ்பக்கின் வெற்று எடை 400 கிலோ அளவுதான். அதில் பெரும்பகுதி இரும்பும் எஞ்சினும். இறக்கைத் துணிக்குக் காயலான் கடையில் காசு கிடைக்காது. எடை போட்டு விற்றால் கழகத்துக்குச் சில ஆயிரங்களே மிஞ்சும். அதே விமானத்தை விமானமாக விற்றால் கிடைக்கும் தொகை வேறு; கிடைக்கும் பெயரும் வேறு.

விமானமாக விற்பது என்றால் என்ன? புஷ்பக்கின் அமெரிக்க உறவான ஏரோங்காக்களை இன்றும் தனியார் வைத்துப் பறக்கிறார்கள். ஒருவருக்கொருவர் விற்றும் கொள்கிறார்கள். விமானம் மொத்தம் எத்தனை மணி பறந்தது, எஞ்சினைப் பிரித்து முழுமையாகப் பழுதுபார்த்தபின் எத்தனை மணி ஓடியது, இறக்கைக்குப் புதுத் துணி எப்போது போர்த்தப்பட்டது, எப்போதாவது அடிபட்டதா — வாங்குகிறவர் கேட்கும் கேள்விகள் இவைதான். இத்தனைக்கும் பதில் குறிப்புப் புத்தகத்தில்தான் இருக்கிறது. பெயின்ட் பளபளப்பை யார் வேண்டுமானாலும் ஒரு வாரத்தில் கொண்டுவரலாம். அறுபது ஆண்டுக் குறிப்பை யாராலும் புதிதாக எழுத முடியாது. அந்தப் புத்தகத்தைப் பீரோவில் வைத்துக்கொண்டு விமானத்தை மட்டும் விற்பது, பட்டா பத்திரம் இல்லாமல் நிலம் விற்பது போன்றது. வாங்குகிறவன் இரும்பு விலைதான் கொடுப்பான். அவனைக் குறை சொல்லவும் முடியாது.

நன்றாக வைத்திருந்த பழைய விமானத்தால் என்ன லாபம் என்று சிலர் கேட்கலாம். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா, கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையுடன் சிறு விமானத்தில் வந்தார். அந்தத் தபால் பெல்லாரி வழியாகச் சென்னை வரை போயிற்று. ஐம்பது ஆண்டு கழித்து 1982-ல், தம் 78-ஆம் வயதில், அதே பாதையில் அவர் மீண்டும் பறந்து காட்டினார். ஓட்டி வந்தது பழைய லெப்பர்ட் மாத் விமானம். யாரோ சிலர் அதைக் காயலான் கடைக்கு அனுப்பாமல் காப்பாற்றி வைத்திருந்ததால்தான் அந்தக் காட்சி நாட்டுக்குக் கிடைத்தது.

காப்பாற்றாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. ஒரு காலத்தில் நம் விமானப்படையில் டக்கோட்டாக்களுக்குப் பஞ்சமே இல்லை. பிறகு பறக்கக்கூடிய ஒன்று வேண்டும் என்று ஆசைப்பட்டபோது அயர்லாந்துக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே கழித்துப்போடப்பட்டுக் கிடந்த விமானத்தை ராஜீவ் சந்திரசேகர் 2011-ல் வாங்கி, செப்பனிட்டு, 2018-ல் விமானப்படைக்கு அளித்தார். அவரைப் பாராட்ட வேண்டும். ஆனால் வீட்டிலிருந்ததை விற்றுவிட்டு ஊரிலிருந்து வாங்கிவந்த கதைதான் இது.

ரயில்வேயிலும் இந்தப் பாடம் தாமதமாகத்தான் புரிந்தது. எத்தனையோ நீராவி எஞ்சின்கள் உடைபட்ட பிறகே, மிஞ்சியவற்றின் அருமை தெரிந்தது. 1855-ல் செய்த 'ஃபேரி குயின்' 1997-ல் மீண்டும் ஓடியபோது உலகமே வந்து பார்த்தது. எஞ்சினுக்குக் கிடைத்த மரியாதை விமானத்துக்கும் கிடைக்க வேண்டாமா?

கழக நிர்வாகத்தின் சங்கடமும் நியாயமானதே. பறக்காத விமானம் இடத்தை அடைக்கிறது. ஏவ்காஸ் பெட்ரோல் விலை அதிகம். பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆதலால் வைத்துக்கொண்டே இருங்கள் என்று நான் சொல்லவில்லை. கம்பத்தின் மேல் வெயிலிலும் மழையிலும் நிறுத்தி, பறவைகள் கூடு கட்ட விடுவதைவிட, அக்கறையுள்ள ஒருவருக்கு விற்பதே மேல். சட்டத்தின் துணையையும் எதிர்பார்க்க முடியாது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி இத்தகைய பொருள்களுக்கு நூறு வயது ஆகவேண்டும். புஷ்பக்கோ இன்னும் எழுபதைத் தாண்டவில்லை. எனவே விற்கிறவர்களின் மனச்சாட்சிதான் காவல்.

ஆகவே வேண்டுவது சிறு காரியங்கள்தாம். விமானத்தை நாற்காலி, கட்டில் பட்டியலிலிருந்து பிரித்துத் தனியாக விளம்பரம் செய்யுங்கள். விமானம், எஞ்சின், புரொப்பெல்லர் ஆகியவற்றின் குறிப்புப் புத்தகங்களையும் சேர்த்தே விற்பனை என்று எழுதுங்கள். உள்ள குறைகளை மறைக்காமல் சொல்லுங்கள். வாங்க வருகிறவர் தம் எஞ்சினியரை அழைத்துவந்து பார்க்க அவகாசம் கொடுங்கள். முதலில் மற்றக் கழகங்களையும் அருங்காட்சியகங்களையும் கேளுங்கள். அவர்கள் வேண்டாமென்றால் தனியாருக்குக் கொடுங்கள். உடைக்கிறவனுக்கு மட்டும் கொடுக்காதீர்கள்.

இதற்கெல்லாம் கூடுதல் செலவு ஒரு விளம்பரக் கட்டணமும் ஒரு மாதப் பொறுமையும்தான்.

நான் புறப்படும்போது பெரியவர், "இதைப் பறக்க விடுறவன் வந்தா சாவியை நானே கையிலே கொடுப்பேன் தம்பி. சுத்தியலோட வந்தான்னா அன்னிக்கு நான் வரமாட்டேன்" என்றார்.

ஏலத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. சம்பந்தப்பட்டவர்கள் அந்தப் பீரோவைத் திறந்து பார்த்து, ஆவன செய்வார்களா?