‘லிஃப்ட் இருக்கா?’ மட்டும் போதாது!

மூட்டுவலியுள்ள அம்மாவையோ, சக்கர நாற்காலியில் இருக்கும் அப்பாவையோ சிகிச்சைக்காகச் சென்னைக்கு அழைத்து வருபவர்கள், லாட்ஜுக்கு போன் செய்து முதலில் கேட்பது, ‘லிஃப்ட் இருக்கா?’ என்பதுதான். ‘இருக்கு’ என்பார்கள். வந்து பார்த்தால், லிஃப்ட்டுக்குப் போகவே ஐந்து படி ஏற வேண்டியிருக்கும்!

அதனால், ‘வாசலில் இருந்து கட்டில் வரை எத்தனை படி?’ என்று கேளுங்கள். அடுத்தது, பாத்ரூம் கதவு. சக்கர நாற்காலியின் அகலமே சுமார் 65 செ.மீ. இருக்கும்; சிரமமில்லாமல் நுழைய 90 செ.மீ. வேண்டும். வெஸ்டர்ன் டாய்லெட், பிடித்துக்கொள்ளக் கம்பி, வழுக்காத தரை எல்லாவற்றையும் வாட்ஸ்அப் வீடியோவில் காட்டச் சொல்லுங்கள். பாத்ரூம் போகக் கஷ்டம் என்று தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடும் பெரியவர்கள் உண்டு.

வாடகை கட்டுப்படியாகவில்லையா? ஆஸ்பத்திரி வாசலிலேயே தங்க வேண்டும் என்பதில்லை. மெட்ரோ நிலையங்களில் லிஃப்ட் உண்டு; தள்ளியிருக்கும் ஒரு நிலையத்தை ஒட்டியும் அறை தேடலாம். ரயிலில் வருபவர்கள், சென்ட்ரல் ஓய்வறையை பி.என்.ஆர் எண் கொடுத்து ஐ.ஆர்.சி.டி.சி தளத்தில் முன்பதிவு செய்ய முயலலாம். அங்கேயும் படிக்கட்டு பற்றி விசாரித்துவிடுங்கள்.

அட்வான்ஸ் அனுப்புவதெல்லாம் அதற்குப் பிறகுதான்!