கையொப்ப உரிமை எல்லை கடப்பதில்லை

கணக்கியலுக்கு நாட்டெல்லை இல்லை என்று முழங்கி, பல கல்லூரிகளின் வணிகவியல் துறைகள் அயல்நாட்டுத் தொழில்முறைத் தகுதிகளை இளங்கலைப் படிப்போடு சேர்த்து விற்கின்றன. அம்முழக்கத்தில் பாதிதான் உண்மை. பற்று வரவு விதிகள் எல்லை கடக்கும். தணிக்கையறிக்கையில் கையொப்பமிடும் உரிமை கடக்காது. அதனை வழங்குவது அறிவன்று, அந்தந்த நாட்டின் சட்டம்.

2013ஆம் ஆண்டு நிறுமங்கள் சட்டத்தின் 141ஆம் பிரிவின்படி, இந்தியாவில் பட்டயக் கணக்காளரே நிறுமத் தணிக்கையாளர் ஆக முடியும். இலண்டனில் 1904இல் தோன்றிய ஏசிசிஏ அமைப்பின் 13 தேர்வுகளையும் 36 மாதப் பணியனுபவத்தையும் நிறைவு செய்தவர்க்கும் அவ்வுரிமை இங்கே கிட்டாது. இந்தியப் பட்டயக் கணக்காளரும் அமெரிக்காவில் இதே தடையை எதிர்கொள்கிறார். அங்கே சிபிஏ தேர்வு நாடு முழுமைக்கும் ஒன்று, உரிமம் வழங்குவதோ மாநில வாரியம்.

இத்தகுதிகள் பயனற்றவை அல்ல. பன்னாட்டு நிறுவனங்களின் நிதியறிக்கைப் பணிகளுக்கு அவை உதவுகின்றன. ஆயினும், வேலைக்கு உதவும் சான்றிதழ் வேறு. தொழில் நடத்தும் உரிமம் வேறு. சேர்க்கை விளம்பரம் இவ்வேறுபாட்டை மறைத்தால், இழப்பைச் சுமப்பது கல்விக்கடன் பெற்ற குடும்பமே.

கட்டணத்தை அச்சிடும் கல்லூரி, இத்தகுதி இந்தியாவில் தணிக்கை உரிமை தராது என்னும் ஒரு வரியை அச்சிடாமல் விடுவது அறியாமையன்று, வணிகம். பேராசிரியர்களின் மௌனமும் அவ்வணிகத்துக்குத் துணை. முழுமையாக வெளிப்படுத்துவதே கணக்கியலின் அறம் என வகுப்பில் கற்பிப்போர், அதனைத் தம் துறையின் சேர்க்கைக் கையேட்டில் தொடங்கட்டும்.