மலையகத்து அடுப்பும் மின்குக்கரும்: எது ஆடம்பரம்?

புலம்பெயர்ந்து வாழும் நம்மவர் வீடுகளில் ஒரு சமையல் முறை நிலைபெற்றுவிட்டது. வார இறுதியில் வாங்கிய இறைச்சியைப் பொட்டலங்களாக்கி உறைபெட்டியில் அடுக்கிவிடுகிறார்கள். வாரநாள் மாலையில் வேலை முடிந்து வந்ததும், கல்லாக உறைந்திருக்கும் பொட்டலம் ஒன்றை அப்படியே மின்சாரப் பிரஷர் குக்கரில் இட்டு, தூளும் வெங்காயமும் தண்ணீரும் சேர்த்துப் பொத்தானை அழுத்துகிறார்கள். பிள்ளைகள் வீட்டுப்பாடத்தை முடிப்பதற்குள் கறி தயாராகிவிடுகிறது. லண்டனிலும் டொரன்டோவிலும் இத்தகைய வீடுகளில் உண்டிருக்கிறேன். குறை சொல்ல எதுவும் இல்லை.

ஆனால் குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். விறகடுப்பில், மண்சட்டியில், மெல்ல வெந்த கறிக்கு இது ஈடாகுமா என்று கேட்பவர்கள் ஒரு சாரார். இது சோம்பேறிகளின் சமையல் என்பது அவர்கள் தீர்ப்பு. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இது சரி, ஊரில் இருக்கும் ஏழைகளுக்கு, அதிலும் தோட்டத்து மக்களுக்கு, இந்த ஆடம்பரம் எதற்கு என்பவர்கள் இன்னொரு சாரார். இரு சாராரும் தவறு என்பது என் கட்சி. இன்னும் ஒரு படி மேலே போகிறேன். தமிழ் பேசும் உலகில் இந்தக் கருவி முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் டொரன்டோ அல்ல. நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா என்று நீளும் தேயிலைத் தோட்டங்களின் லயக் காம்பராக்கள்தாம்.

இதற்கு முதல் காரணம் அரசியலன்று, இயற்கை. கடல் மட்டத்தில் தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கிறது. மேலே ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைகிறது. கொதிநிலையும் இறங்குகிறது. நுவரெலியா நகரம் ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பானையில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். எவ்வளவு விறகை அள்ளி வைத்தாலும் அதற்கு மேல் சூடேறாது, ஆவிதான் கூடும். ஆகவே யாழ்ப்பாணத்தில் ஒரு மணி நேரத்தில் வேகும் ஆட்டிறைச்சி நுவரெலியாவில் அந்த நேரத்தில் வேகாது. கடலையும் பயறும் அப்படியே. மலைநாட்டுப் பெண் சமவெளிப் பெண்ணைவிட அதிக நேரம் அடுப்படியில் நிற்பது அவளுடைய கைத்திறனின் குறையால் அன்று.

அழுத்தக் கலன் இந்தத் தடையைத்தான் உடைக்கிறது. 1679ஆம் ஆண்டில் டெனி பாப்பான் என்ற பிரெஞ்சு அறிவியலாளர் லண்டனில் அதன் முதல் வடிவத்தை அறிமுகப்படுத்தினார். கடினமான எலும்பையும் மென்மையாக்கி உணவாக்குவது அவர் நோக்கம். மூடிய கலத்துக்குள் ஆவி அடைபடும்போது அழுத்தம் ஏறி, தண்ணீரின் சூடு 100 பாகையைத் தாண்டுகிறது. இன்றைய மின்குக்கர்கள் கடல் மட்டத்தில் 115 பாகையை ஒட்டிச் செல்கின்றன. உயரத்தில் அதுவும் சற்றுக் குறையும். 2,000 அடிக்கு மேல் ஒவ்வொரு 1,000 அடிக்கும் சமையல் நேரத்தை 5 விழுக்காடு கூட்டுங்கள் என்பது வழக்கமான கணக்கு. நுவரெலியாவுக்கு ஏறத்தாழ 20 விழுக்காடு. 25 நிமிடம் என்று எழுதியிருந்தால் 30 நிமிடம் வையுங்கள். அவ்வளவுதான். அழுத்தக் கலன் எங்கே ஒரு வசதி, எங்கே ஒரு தேவை என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

இனி அந்தப் பெண்ணின் மாலைப் பொழுதுக்கு வருவோம். விடியுமுன் எழுந்து, றொட்டியும் சம்பலும் செய்து, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, பெரட்டுக்களத்துக்கு ஓடி, நாள் முழுவதும் மழையிலும் அட்டைக் கடியிலும் கொழுந்து பறிக்கிறாள். நிறுவையில் குறைந்தால் அரைப்பேர். மாலையில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் தலையில் ஏறுவது விறகுக் கட்டு. கவ்வாத்து மிலாறு கிடைத்தால் அது, இல்லையேல் காய்ந்த கிளை. மழைக்காலத்தில் அந்த விறகும் ஈரம். ஊதி ஊதி அடுப்பு மூளும்போது இருட்டிவிடுகிறது. செய்தித்தாளில் இருந்த காலம் முழுவதும் மலையகத்துக்குப் போய்வந்தவன் நான். தொழிற்சங்கக் கூட்டங்களில் கூலியைப் பற்றியும் வாக்கைப் பற்றியும் எத்தனையோ உரைகளைக் கேட்டிருக்கிறேன். மாலை 5 மணிக்கும் இரவு 9 மணிக்கும் இடையிலான இந்த நான்கு மணி நேரத்தைப் பற்றி ஒருவர் பேசியதாக என் குறிப்பேடுகளில் இல்லை.

இந்த வீட்டுக்கும் உறைந்த இறைச்சிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நிறையவே உண்டு. சம்பள நாளில் நகரத்துக் கடையிலிருந்து வீட்டுக்கு வரும் புரொயிலர் கோழி பெரும்பாலும் உறைந்த கோழிதான். வாங்கியவளின் வீட்டில் உறைபெட்டி இல்லை. எனவே அன்றிரவே சமைத்தாக வேண்டும். கொழும்பில் என்றால் மேசைமேல் வைத்தால் இளகும். நுவரெலியாவின் மாலைக் குளிரில் அது எளிதில் இளகாது. வெளிப்புறம் இளகி உள்ளே பனிக்கட்டியாக இருக்கும் கோழியைத் திறந்த சட்டியில் போட்டால், மேற்பகுதி வெந்து உதிரும், எலும்பை ஒட்டிய பகுதி பச்சையாக நிற்கும். நேரடியாக உறைநிலையிலிருந்து சமைக்க வேண்டிய கட்டாயம் டொரன்டோ அக்காவைவிட டிக்கோயாத் தோட்டத்து அக்காவுக்கே அதிகம்.

விற்பனைக்காரர்களின் வாக்குறுதியையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. பத்து நிமிடக் கறி என்ற விளம்பரம், குக்கர் அழுத்தம் ஏறுவதற்கு எடுக்கும் நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. உறைந்த இறைச்சி என்றால் அந்த நேரம் 20 நிமிடமும் ஆகலாம். முழுக்கோழியைக் கட்டியாகப் போடக்கூடாது. வாங்கும்போதே துண்டுகளாக, தட்டையாக உறைந்த பொட்டலமாகப் பார்த்து வாங்க வேண்டும். கலத்தில் குறைந்தது ஒரு கோப்பை தண்ணீர் வேண்டும். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக்கூடாது. இளகிய இறைச்சிக்கான நேரத்தைவிடப் பாதி அளவு கூடுதலாக வைப்பது நல்லது. கோழியின் உட்பகுதி 74 பாகையை எட்ட வேண்டும். துண்டைப் பிளந்து பார்த்து உள்ளே சிவப்போ பனியோ இருந்தால் மறுபடி மூடி வேக விடுங்கள். மெதுவாகச் சமைக்கும் மின்கலங்களில் உறைந்த இறைச்சியை இடவே கூடாது. கிருமி பெருகும் வெப்பநிலையில் அது நெடுநேரம் கிடக்கும். இவ்வளவும் தெரிந்தவருக்கு 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கறி உண்டு. அதில் அருகே நிற்க வேண்டிய நேரம் பத்து நிமிடம்தான்.

மீதி நேரம் யாருடையது? அந்தப் பெண்ணுடையது. விவாதம் முழுவதும் இதைப் பற்றியதே.

விறகடுப்பின் ருசியைப் பாடுகிறவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி. நீங்கள் கடைசியாக விறகு சுமந்தது எப்போது? விறகும் சாணமும் மண்ணெண்ணெயும் எரியும் வீடுகளில் எழும் புகையால் உலகில் 2020ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில், குளிருக்கு அஞ்சிச் சன்னலையும் சாத்திய நிலையில், அடுப்பின் முன் குந்தியிருப்பவளின் நெஞ்சுக்குள் போகிற புகையைத்தான் நாம் ருசி என்கிறோம். அந்த ருசி வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமையில் நீங்களே மூட்டிச் சமையுங்கள். மற்றவர் நுரையீரலை அதற்கு அடகு வைக்காதீர்கள்.

அடுத்து, இது ஏழைகளுக்கு ஆடம்பரம் என்பவர்களுக்கு. 2016ஆம் ஆண்டின் மக்கள்தொகை, சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் 17.3 விழுக்காடு. தோட்டப்புறத்தில் அது 31.7 விழுக்காடு. ஏறத்தாழ மூன்றில் ஒரு குழந்தை. இதற்குக் காரணங்கள் பல. மாதத்துக்கு ஓரிரு முறை மட்டும் தட்டில் விழும் இறைச்சி அவற்றுள் ஒன்று. களைத்து வந்தவள் அடுப்பில் நீண்ட நேரம் வேக வேண்டிய பயற்றையும் கடலையையும் தவிர்த்துவிட்டு, றொட்டியோடும் சம்பலோடும் இரவை முடித்துக்கொள்வது இன்னொன்று. இதை அறியாமை என்று பெயரிட்டுச் சத்துணவு வகுப்பு நடத்துகிறார்கள். அறிவு அவளிடம் இருக்கிறது. விறகும் நேரமும்தான் இல்லை.

அப்படியானால் ஒரு குக்கரை வாங்கிக் கொடுத்துவிட்டால் போதுமா? போதாது. நன்கொடை அமைப்புகளுக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மின்குக்கர் ஒன்று 1,000 வாட் இழுக்கும். 230 வோல்ட்டில் அது நான்கு அம்பியருக்கும் அதிகம். பழைய லயங்களில் இருப்பது ஐந்து அம்பியர் வட்டமுனைச் செருகி. அதுவும் பல வீடுகளில் ஒரு விளக்குக் கம்பியிலிருந்து இழுக்கப்பட்டது. மின்கசிவினால் லயன் குடியிருப்பில் தீ என்ற தலைப்பை நானே எத்தனையோ முறை பக்கத்தில் ஏற்றியிருக்கிறேன். வரிசையில் ஒரு காம்பரா பற்றினால் கூரையோடு கூரையாக இருபது குடும்பம் தெருவுக்கு வரும். கம்பியை மாற்றாமல் குக்கரைக் கொடுப்பது உதவியாகாது.

இங்கேதான் என் சினம் எழுகிறது. இலங்கையின் நீர்மின்சாரம் எங்கிருந்து போகிறது? காசல்ரீ, மவுசாகலை, கெனியன், நோர்ட்டன் பிரிட்ஜ், லக்சபான. எல்லாம் இந்தத் தோட்டங்களின் நடுவே. பழைய லக்சபான மின்நிலையம் 1950ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே நீருக்குள் போனது. தலவாக்கலையில் 150 மெகாவாட் மேல் கொத்மலைத் திட்டம் 2012இல் திறக்கப்பட்டது. அணைக்கட்டின் விளக்குகள் தெரிகிற தூரத்தில் இருக்கும் லயத்தில், ஒரு குக்கரைத் தாங்கும் கம்பி இல்லை. தன் மலையில் பிறந்த மின்சாரத்தால் ஒரு சட்டிக் கறியை வேகவைக்க முடியாமல் ஈர விறகை ஊதிக்கொண்டிருக்கிறாள் அந்தப் பெண். இதற்கு விறகடுப்பின் பாரம்பரியம் என்று பெயர் சூட்டுவது எவ்வளவு வசதி!

மின்சாரமும் நம்பத்தக்கதன்று என்பார்கள். உண்மை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை யாரும் மறக்கவில்லை. அதற்குச் சில மாதங்கள் முன்னர், 2021இன் இறுதியில், எரிவாயு அடுப்புகள் வெடித்த செய்திகளும் நினைவிருக்கும். அந்த நாட்களில் கொழும்பு மாடிவீட்டாரும் விறகு தேடினார்கள். அப்போது அவர்கள் அதை ருசி என்று பாடவில்லை, நாட்டின் வீழ்ச்சி என்றார்கள். கொழும்புக்குச் சில மாதங்கள் நேர்ந்தால் வீழ்ச்சி, தோட்டத்துக்கு இருநூறு ஆண்டுகள் நீடித்தால் பண்பாடு. இந்த இரட்டை நாக்கு நமக்கு வேண்டாம்.

முதலில் கூலி, பிறகுதான் குக்கர் என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். 2024 செப்டம்பரில் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாவானது. அதை 1,550 ரூபாவாக உயர்த்தி, அரசின் சார்பில் 200 ரூபா வருகைக் கொடுப்பனவும் வழங்குவதாக 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். ஒரு கிலோ கோழி வாங்கினாலே ஒரு நாள் கூலியின் பெரும்பகுதி போய்விடும் வாழ்க்கை இது. மின்குக்கர் என்றால் வாரக்கணக்கான கூலி. ஆகவே கூலிக்கான போராட்டத்தைத் தள்ளிவைக்கச் சொல்லவில்லை. ஆனால் கூலி உயர்ந்தால் மட்டும் அந்த நான்கு மணி நேரம் திரும்பி வராது. தொழிற்சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் சமையலறைக்கும் ஓர் இடம் வேண்டும்.

கோரிக்கை எளியது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மின்மானி. சமையலுக்கென்று தனி மின்சுற்று, 13 அம்பியர் செருகி, உயிர்காக்கும் ட்ரிப் சுவிட்ச். 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி அறிவித்த 10,000 வீடுகளாயினும், வேறு எந்தத் திட்டமாயினும், கட்டப்படும் ஒவ்வொரு வீட்டின் வரைபடத்திலும் இது இருக்க வேண்டும். அதற்குப் பிறகு குக்கருக்குத் தவணைக் கடன். வெளிநாட்டிலிருந்து உதவ விரும்பும் அன்பர்களுக்கும் இதுவே வரிசை: முதலில் கம்பி, பிறகு கருவி.

கடைசியாக ஆண்களுக்கு ஒரு வார்த்தை. விறகடுப்பு மூட்டத் தெரியாது, மசாலை வதக்கத் தெரியாது என்ற சாக்கு இதுவரை செல்லுபடியானது. பொட்டலத்தைப் பிரித்து, தண்ணீரை ஊற்றி, மூடியைத் திருகி, பொத்தானை அழுத்துவதற்கு எந்தக் கைப்பக்குவமும் வேண்டாம். அவள் கொழுந்து நிறுத்துவிட்டு மலையிறங்கி வரும்போது இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கும் கணவனுக்கும் மகனுக்கும் அந்த விரல் உண்டு. மின்குக்கர் வந்த பிறகும் அடுப்படி பெண்ணுக்கே என்று இருந்தால், அதற்கு மலையின் உயரத்தையோ கம்பியின் பருமனையோ குற்றம் சொல்ல முடியாது.