கட்டணம் கட்டியவருக்கு எல்லாம் சொல்ல வேண்டுமா?

"பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை சிகிச்சையில் பேசியதையெல்லாம் பெற்றோரிடம் சொல்லியாக வேண்டும், பணம் கட்டுவது நாங்கள், சட்டமும் எங்கள் பக்கம்" என்கிறார் கொல்கத்தாவின் பவானிபூரில் வசிக்கும் நண்பர். அவர் சுட்டும் சட்டத்தைப் பாதியோடு நிறுத்திவிட்டார்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி சிறாருக்குப் பாதுகாவலரே நியமனப் பிரதிநிதி, அதாவது சிகிச்சையில் சிறாரின் சார்பில் செயல்படுபவர். உண்மைதான். ஆனால் நோயாளியின் ரகசியத்தைக் காக்கும் 23-ஆவது பிரிவு, அந்தப் பிரதிநிதி தன் கடமையைச் செய்யத் தேவையான தகவலுக்குத்தான் விலக்கு தருகிறது. பவானிபூர் அரசு மனநல நிறுவனமானாலும் தனியார் அறையானாலும் இதுதான் சட்டம். மருந்து என்ன, அடுத்து எப்போது வர வேண்டும் என்பவை பெற்றோருக்குத் தேவை. மகள் யாரை விரும்புகிறாள், அம்மாவைப் பற்றி என்ன சொன்னாள் என்பது எந்தக் கடமைக்குத் தேவை?

"மறைத்தால் உயிர் போய்விடுமே" என்ற பயம் நியாயமானது. உயிருக்கு ஆபத்தென்றால் சொல்ல அதே பிரிவு இடம் தருகிறது. பாலியல் குற்றமென்றால் போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி புகார் கட்டாயம். அந்தக் கட்டாயத்துக்கு அஞ்சிச் சிறுமிகள் மருத்துவரிடமே வராமல் போவார்கள் என்று கண்டுதான், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் சிறுமியின் பெயரைப் புகாரில் தர வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

எல்லாம் வீட்டுக்குப் போகும் என்று தெரிந்த பிள்ளை, சாக நினைப்பதைத்தான் முதலில் மறைக்கும். நண்பர் கேட்கும் முழு வெளிப்படை, அவர் அஞ்சும் ஆபத்தையே கண்ணுக்கு எட்டாமல் செய்துவிடும். முதல் நாளே பெற்றோரையும் பிள்ளையையும் ஒன்றாக உட்காரவைத்து, எதைச் சொல்வேன், எதைச் சொல்லமாட்டேன் என்று சிகிச்சையாளர் பேசட்டும். சொல்லியே தீர வேண்டிய நிலை வந்தால், முதலில் பிள்ளையிடம் தெரிவித்துவிட்டுச் சொல்லட்டும்.