மூளைப் புற்றுநோயும் மலைநாட்டு மரணக் கணக்கும்

விழா மலருக்குக் கட்டுரை எழுதப் புகுவோர் பெரும்பாலும் தம் மாணவப் பருவத்து நினைவுகளையே எழுதுவர். அது முறையேயாயினும், கல்லூரியில் யாம் கற்ற எண்கணக்கை ஹட்டனிலே எதற்குப் பயன்படுத்த நேர்ந்தது என்பதைக் கூறுதலும் கல்லூரிக்குச் செய்யும் ஒரு கடனேயாம் எனக் கருதி, இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

சில காலத்துக்கு முன் ஒரு கூட்டத்திலே அன்பரொருவர், நுவரெலியா மாவட்டத்தில் மூளைப் புற்றுநோயால் இறப்போர் மிகச் சிலரே என்றும், மலைக்காற்றின் தூய்மையே அதற்குக் காரணம் என்றும் பேசினார். அன்று மாலையே தேநீர்க் கடையில் மற்றொருவர், "எங்கள் தோட்டத்தில் இரண்டு வருடத்தில் இரண்டு பேர் தலையில் கட்டி வந்து போனார்கள், அந்த டெலிபோன் கோபுரந்தான் காரணம்" என்றார். ஒருவர் மகிழ்ந்தார், மற்றவர் அஞ்சினார். இருவரும் எண்ணையே நம்பினர். அந்த எண் எவ்வாறு பிறக்கின்றது என்பதை இருவருமே கேட்டாரில்லை.

மூளையில் எழும் கட்டி வெளியே தோன்றுவதன்று. தலைவலி, வாந்தி, வலிப்பு, ஒரு பக்கம் செயலற்றுப் போதல், பேச்சுக் குழறல் என்பனவே அதன் அடையாளங்கள். வேறு பத்து நோய்களுக்கும் இவையே அடையாளங்கள். பாரிசவாதம் இவ்வாறு வரும். மூளையில் உண்டாகும் காசநோய்க் கட்டியும் இவ்வாறே வரும். நுரையீரலிலோ மார்பகத்திலோ தோன்றிய புற்று மூளைக்குப் பரவினும் இவையே காணப்படும். மூளையிலேயே தோன்றும் புற்றைக் காட்டிலும் பிற உறுப்பிலிருந்து பரவி வரும் புற்றே மிகுதி என்பது மருத்துவர் கண்ட உண்மை. இவற்றை வேறுபடுத்தி அறிய ஸ்கான் வேண்டும். உறுதிப்படுத்தக் கட்டியின் சிறு துண்டையெடுத்துச் சோதித்தல் வேண்டும். லயத்திலே வலிப்புக் கண்டு ஒரு வாரத்தில் உயிர்நீத்த முதியவருக்கு இவற்றுள் எது கிடைத்தது? வைத்தியசாலையில் நிகழும் மரணத்துக்கு வைத்தியர் காரணம் எழுதுவார். வீட்டிலே நிகழ்வதற்கோ, மருத்துவம் கல்லாத பதிவாளர் உறவினர் கூறுவதைக் கேட்டே பெரும்பாலும் எழுத நேரும். எம்மிடம் பயின்ற மாணவனொருவனின் தந்தையார் பல மாதம் தலைவலியால் வருந்தி இறந்தார். அவருடைய சான்றிதழில் 'வலிப்பு' என்ற ஒரு சொல்லே உளது. அஃது எந்த நோயின் வலிப்பு என்பதை இனி எவரும் அறியார். ஆயின் மூளைப் புற்றுநோய்க் கணக்கில் அவர் இல்லை என்பது மட்டும் உறுதி.

இனி, நோய் இன்னதென அறியப்பட்டவர் எங்கே இறக்கின்றார்? ஹட்டனிலிருந்து கண்டிக்கோ கொழும்புக்கோ மஹரகம வைத்தியசாலைக்கோ அனுப்பப்படுகின்றார். மரணம் எப்பிரிவில் நிகழ்ந்ததோ அப்பிரிவிலேயே அதைப் பதிதல் எம் நாட்டு முறை. ஆகவே டிக்கோயாவில் வாழ்ந்தவர் மஹரகமையில் இறப்பின், அம்மரணம் கொழும்பு மாவட்டத்துப் பதிவேட்டிலேயே ஏறும். அட்டவணையொன்று மரணம் நிகழ்ந்த இடத்தைக் கொண்டு வகுக்கப்பட்டதா, வதிவிடத்தைக் கொண்டு வகுக்கப்பட்டதா என்று தலைப்பைப் பாராமலே கொழும்பையும் நுவரெலியாவையும் ஒப்பிடுவோர், பெரிய வைத்தியசாலைகள் எங்குள்ளன என்பதையே அளக்கின்றனர்.

வீதம் என்பது ஒரு பின்னம். மேலெண் இறந்தோர், கீழெண் வாழ்வோர். மலைநாட்டிலே அக்கீழெண்ணும் நிலைத்து நிற்கவில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி 525,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அதன் பின்னர் எத்தனை குடும்பங்கள் தலைமன்னாரில் கப்பலேறின என்பதை எம் வயதினர் மறவார். அவ்வாறு சென்று நீலகிரியிலே குடியேறியவருள் ஒருவர் பின்னாளில் இந்நோயால் இறந்திருப்பின், அவர் தமிழ்நாட்டுக் கணக்கிலேயே சேர்வார். இன்றோ இளைஞர் கொழும்புக் கடைகளுக்குப் போகின்றனர். முதியோர் தோட்டத்திலேயே தங்குகின்றனர். மூளைப் புற்றுநோய் சிறுவருக்கும் வருமாயினும் முதுமையிலேயே மிகுதி. முதியோர் மலிந்த இடத்தில் வீதம் தானாகவே உயரும். வயது வேறுபாட்டை நீக்கிக் கணித்தாலன்றி ஈரிடங்களையோ ஈராண்டுகளையோ ஒப்பிடல் தகாது.

எண்களின் சிறுமை மற்றொரு பொறி. 2022இல் உலகெங்கும் மூளை, நரம்பு மண்டலப் புற்றுநோயால் இறந்தோர் ஏறத்தாழ 248,000 பேர் என மதிப்பிடப்பட்டுள்ளது. இலட்சம் பேருக்கு மூவர் எனலாம். நுவரெலியா மாவட்டத்தின் குடிசனத்தொகை 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 711,644. உலகச் சராசரியையே இங்கும் பொருத்துவோமாயின் ஆண்டொன்றுக்கு இருபத்திருவர் அளவில் இறக்கலாம். ஆனால் எதுவும் மாறாதிருக்கவே, தற்செயலால் மட்டும் ஓராண்டில் பதினால்வரும் மறு ஆண்டில் முப்பதின்மரும் ஆகக்கூடும். "நோய் இருமடங்காயிற்று" என்று செய்தித்தாள் எழுதும்! மூவாயிரம் பேர் வாழும் தோட்டத்தில் பதினோராண்டுக்கு ஒரு மரணமே எதிர்பார்க்கத்தக்கது. ஆயினும் அத்தகைய நூறு தோட்டங்களை எடுத்துக்கொண்டால், குறித்த இரண்டாண்டில் இரண்டு மரணங்கள் நேர்வது ஒன்றிரண்டு தோட்டங்களிலாவது தற்செயலாகவே நிகழும். தேநீர்க் கடை அன்பரின் துயரை யாம் சிறிதும் குறைத்துப் பேசவில்லை. அதற்குக் கோபுரத்தைக் குற்றவாளியாக்க அவ்விரண்டு மரணங்கள் போதா என்பதே எம் கருத்து.

காலப்போக்கிலே வீதம் ஏறுவதையும் இவ்வாறே நிதானித்துப் பார்த்தல் வேண்டும். சீ.ரீ. ஸ்கான் என்னும் கருவி முதன்முதல் 1971இல் இலண்டனில் ஒரு நோயாளியின் தலையைப் படமெடுத்தது. அதனைத் தொடர்ந்த ஆண்டுகளில் அமெரிக்காவிலே முதியோரிடையே மூளைக் கட்டி வீதம் உயர்ந்தது. முன்னர் பாரிசவாதமென்றும் முதுமைத் தளர்ச்சியென்றும் எழுதப்பட்டவை தம் உண்மைப் பெயரைப் பெற்றமையே அவ்வுயர்வின் பெரும் பகுதிக்குக் காரணம் என அறிஞர் பலர் கருதினர். மறுபுறம், டென்மார்க், நோர்வே, சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளின் நன்கு பேணப்பட்ட பதிவேடுகளை 1974 முதல் 2003 வரை ஆராய்ந்தபோது, கைத்தொலைபேசி பரவிய பின்னரும் போக்கிலே தெளிவான மாற்றம் காணப்படவில்லை. அவர்களால் அவ்வாறு கூற முடிந்தது பதிவேட்டின் வலிமையால். எம் நாட்டுத் தேசியப் புற்றுநோய்ப் பதிவு 1985இல் தொடங்கியது. அது சிகிச்சை நிலையங்களுக்கு வந்துசேர்ந்தவரையே பெரிதும் பற்றி நின்றது; வந்து சேராதவரை அது எவ்வாறு அறியும்?

ஆதலால், மலைநாட்டு வீதம் குறைவெனின் அதனை நற்செய்தியாக ஏற்க யாம் உடன்படோம். இந்நோயிலே சிகிச்சை பெற்றவரும் நெடிது வாழ்தல் அரிது. கொடிய வகையில் நல்ல சிகிச்சைக்குப் பின்னும் ஒன்றேகால் ஆண்டளவே பாதிப்பேர் கடக்கின்றனர். ஆகவே ஈரிடங்களின் மரண வீதங்கள் பெரிதும் வேறுபடின், ஓரிடத்தில் குணப்படுத்தினர் என்பதைக் காட்டிலும், ஓரிடத்தில் கண்டுபிடிக்கவில்லை என ஐயுறுதலே பொருத்தம். 2017இல் டிக்கோயாவில் 150 கட்டில்களுடன் புதிய வைத்தியசாலை திறக்கப்பட்டது. இத்தகைய வசதிகள் பெருகுந்தோறும் எண்கள் ஏறக்கூடும். அவ்வேற்றத்தைக் கண்டு அஞ்சுவதை விட, இத்தனை காலம் யார் யார் எண்ணப்படாது போயினர் என்று கேட்பதே எமக்கு உவப்பு.

எம் கல்லூரி மாணவர் பலர் வைத்தியராயும் பதிவாளராயும் கிராம அலுவலராயும் பணிபுரிகின்றனர். அவர்களிடம் யாம் வேண்டுவது சிறிது. மரணக் காரணத்தை எழுதும்போது 'வலிப்பு' என்பதோடு நில்லாது, ஸ்கான் எடுக்கப்பட்டதா, என்ன கண்டனர் என்று நோயாளியின் துண்டைப் பார்த்து எழுதுக. வதிவிடம் என்னும் கட்டத்திலே வைத்தியசாலைக்கு அண்மையில் தங்கியிருந்த உறவினர் வீட்டை எழுதாது, தோட்டத்தின் பெயரையும் பிரிவையும் எழுதுக.