லொறிக்கேற்ற டயர்

வத்தேகமப் பக்கத்தில் ஒரேயொரு லொறியையே சீவனோபாயமாகக் கொண்ட குடும்பங்கள் பலவுள. வீட்டு நகைகள் அடகுக்கடையில் இருக்க, லீசிங் தவணை மாதந்தோறும் நெருக்க, வண்டி ஓடிக்கொண்டிருக்கும். இத்தகைய இல்லங்களில் டயர் வாங்குதல் ஆடவரின் கடைத்தெரு அலுவல் மாத்திரமன்று. வீட்டு வரவுசெலவையும் வண்டியிற் செல்வோரின் உயிரையும் தொட்ட காரியமாகும். ஆதலின் இக்குடும்பப் பகுதியில் அதனை எழுதுவது பொருத்தமே.

கடைக்காரரிடம் பலரும் முதலிற் கேட்பது, எந்தக் கம்பனி டயர், என்ன விலை என்பதே. லொறி எந்த வீதியில், எவ்வளவு பாரத்துடன் ஓடுகிறது என்பதல்லவா முதற் கேள்வி? பன்விலத் தோட்டங்களின் கல்வீதியில் ஏறியிறங்கும் லொறிக்கும், கண்டிக்கும் கொழும்புக்குமிடையே தார்வீதியில் ஓடும் லொறிக்கும் ஒரே டயர் பொருந்தாது. நைலோன் இழைகளைக் குறுக்கும் மறுக்குமாக அடுக்கிய பழைய வகை டயரின் பக்கச்சுவர் கல்லடியைத் தாங்கும். உருக்குக் கம்பிகள் இட்ட ரேடியல் டயரோ குறைவாகச் சூடேறி, நெடுந்தூர ஓட்டத்தில் நீடித்து உழைக்கும். இவ்விரு வகையையும் ஓர் அச்சிற் கலந்து பூட்டலாகாது. முன்சில்லுக்கு நீளவாட்டில் வரியோடிய டயரும், மேடேற வேண்டிய பின்சில்லுக்குத் தடித்த கட்டைகள் கொண்ட டயரும் நன்று.

டயரின் பக்கத்தில் 10.00-20 என்றிருந்தால், அகலம் பத்து அங்குலம், உள்வளையம் இருபது அங்குலம் என்பது பொருள். 16 பி.ஆர். என்பது பலத்தின் அளவேயன்றி, உள்ளே பதினாறு மடிப்புகள் உண்டென்பதன்று. நான்கு இலக்கங்கள் கொண்ட சிறு கட்டத்தையும் தேடிப் பாருங்கள். 1824 என்றிருப்பின், 2024ஆம் ஆண்டின் பதினெட்டாம் வாரத்தில் வார்த்த டயர் அது. பளபளப்பைக் கண்டு ஏமாறிப் பழஞ்சரக்கை வாங்காதிருக்க இவ்விலக்கம் உதவும்.

இறப்பர் நமக்குப் புதிய பொருளன்று. பிரேசிலிலிருந்து விக்கம் என்பவர் கொண்டுசென்ற விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்க, அக்கன்றுகள் 1876இலேயே கம்பஹாவின் ஹெனரத்கொடைத் தோட்டத்தை வந்தடைந்தன. பாரவண்டி டயர்களில் இன்றும் இயற்கை இறப்பர் மிகுதியாகச் சேர்க்கப்படுகிறது. மடிந்து நிமிரும்போது அது அதிகம் சூடேறாது என்பதே முக்கிய காரணம்.

சூடுதான் டயரின் சத்துரு. தெல்தெனிய வழியாக உன்னஸ்கிரிய ஏறி, பதினெட்டு வளைவுகளால் மகியங்கனைப் பக்கம் இறங்கும் லொறியை எண்ணிப் பாருங்கள். ஓயாது பிறேக் மிதித்தால் அதன் வெப்பம் உள்வளையத்துக்கேறி டயரின் விளிம்பைச் சுடும். காற்றும் குறைந்திருந்தால் சுவர் அளவுக்குமீறி மடிந்து இன்னும் சூடேறும். சில சாரதிகள் ஓட்டத்தின் நடுவில் காற்றழுத்தம் கூடியிருப்பதைக் கண்டு சிறிது திறந்துவிடுவர். இது பெருந்தவறு! சூட்டினாற் கூடிய அழுத்தம் அது. ஆறியபின் டயரிற் போதிய காற்று இராது. காலையில், வண்டி புறப்படுமுன் அளப்பதே முறை.

இனி, தேய்ந்த டயருக்குப் புதிய இறப்பர் ஒட்டும் 'ரீபில்ட்' முறை. இதனை இழிவாகப் பேசுவோரோடு நான் உடன்படேன். உட்கூடு பழுதற்றதாயின் பின்சில்லுகளுக்கு அது நல்ல சிக்கனம். முன்சில்லில் மாத்திரம் அதனைப் பூட்டாதிருத்தல் வேண்டும். மலைவீதி வளைவில் முன்டயர் வெடித்தால் திசைதிருப்பி சாரதியின் கைக்கு அடங்காது. பள்ளமோ பக்கத்திலேயே இருக்கிறது. புது டயர் இரண்டு வாங்கவே பணம் உளதாயின், அவ்விரண்டும் முன்னுக்கே போகட்டும்.

பின்னாலுள்ள இரட்டைச் சில்லுகளில் ஒன்று புதிதும் மற்றது தேய்ந்ததுமாயின், உயரமான டயரே பாரத்தின் பெரும்பங்கைச் சுமந்து விரைவிற் கெடும். உயரத்தால் ஒத்தவற்றையே சோடியாக்க வேண்டும். உட்புறச் சில்லோ கண்ணுக்கு எளிதில் தெரியாது. குனிந்து காற்றையும், இரண்டின் இடையிற் சிக்கிய கல்லையும் பார்க்க வேண்டும். வீட்டில் டோர்ச் விளக்கு இருந்தால் அதனைச் சாரதியின் கையிற் கொடுத்தனுப்புங்கள்.